தோசைக்கல்லில் ஓடிய சொட்டு

திரவ நைட்ரஜனுக்கும் பெங்களூர் டிராஃபிக்குக்கும் ஆகவே ஆகாது. காலையில் டிபார்ட்மெண்டுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் குடம் நிறையப் பிடித்துக்கொண்டு கிளம்புவோம். அது வெறும் காற்றுச் சூட்டிலேயே கொதித்துக் கொதித்து ஆவியாகிக்கொண்டே வரும். மூடியை இறுக்கி மூடவும் முடியாது, மூடினால் உள்ளே ஆவி சேர்ந்து குடமே வெடித்துவிடும். ஆகவே தளர்வான மூடி, வேனில் எல்லா ஜன்னலும் திறப்பு, பின் சீட்டில் குடத்துக்கு சீட் பெல்ட். சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டால் நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் குடம் காலியாகிவிட்டால் எதை வைத்துப் பிள்ளைகளை மயக்குவது?

ஆமாம், மயக்குவதுதான் என் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பேர் சாந்தி. லேபில் பாடம் சொன்ன நேரம் போக மீதி நேரமெல்லாம் வேனில்தான். ஊர் ஊராக ஸ்கூலுக்கும் பி.யு. காலேஜுக்கும் போவோம். பி.யு. என்றால் நம் பக்கத்து பிளஸ் ஒன், பிளஸ் டூதான். போய், "சயின்ஸ்னா இன்ஜினியரிங்கும் டாக்டருக்குப் படிக்கிறதும் மட்டும் இல்ல கண்ணுங்களா, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரின்னு தனியாவே படிக்கலாம், எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுவோம்.

இப்போது என் இடத்தில் இருக்கிற ரம்யா போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, பசங்க எல்லாத்தையும் போன்லயே பாத்துடறாங்க. வேன் எதுக்கு, வீடியோ போட்டா பத்தாதான்னு மேல கேக்கறாங்க. நீங்க உங்க அனுபவத்தை ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வீடியோவா? கேசரி பண்ற வீடியோ பாத்தா வயிறு ரொம்புமாடி? எழுதறேன் இரு" என்று போனை வைத்தேன். அந்தச் சூட்டோடு உட்கார்ந்து எழுதுவதுதான் இது. கேசரி சும்மா வாயில் வந்த சொல் இல்லை, கதைக்குள் வரும்.

நான் பிறந்தது வளர்ந்தது அல்சூர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மாவு மில்லில் உருது. பி.எஸ்ஸி. நான் ஆசைப்பட்டுச் சேர்ந்ததில்லை, அந்த வரிசையில் கூட்டம் கம்மியாக இருந்தது, அவ்வளவுதான். சேர்ந்த பிறகு பைத்தியம் பிடித்துவிட்டது. எம்.எஸ்ஸி. முடித்து இதே துறையில் வேலை. முதல் இரண்டு வருடம் உடைத்த கண்ணாடிச் சாமான்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பிறகு மூர்த்தி சார் வந்தார், வேன் வந்தது, என் வாழ்க்கை திருவிழாவாகிவிட்டது.

மூர்த்தி சார் எங்கள் பேராசிரியர். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். என்னோடும் டிரைவர் பாபுவோடும் சேர்ந்து சேர்ந்து ஒரு தமிழ் கற்றுக்கொண்டிருந்தார், அதைக் கேட்டால் தமிழுக்கே சிரிப்பு வரும். ஒல்லியான மனிதர். சட்டையின் ஒரு பக்கம் எப்போதும் பேண்டுக்கு வெளியே தொங்கும். பிள்ளைகள் யாராவது கேள்வி கேட்டால் போதும், கையைப் பட்டென்று தட்டி, "பெஸ்ட்டு!" என்று கத்துவார். ஆனால் பதில் மட்டும் சொல்லவே மாட்டார். அது அவருடைய சட்டம். காட்டு, கேள்வியைக் கிளப்பு, மூட்டையைக் கட்டு, கிளம்பு. "விடை பேக்கா? எங்க டிபார்ட்மெண்டுக்கு பா" என்பார். வேண்டுமா, வா என்று அர்த்தம்.

அவரிடம் இன்னொரு பழக்கம். அவருக்கே விடை தெரியாத கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் உடனே, "பாபு, ஒன் பை டூ!" என்று கூவுவார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். பாதி அவருக்கு, பாதி கேட்டவருக்கு. நான் அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பாதிக் காபி எனக்குக் கிடைத்ததே இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

நிகழ்ச்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் நான் கை வளையலைக் கழற்றுவேன், முந்தானையை இழுத்துச் செருகுவேன், கண்ணாடி மாட்டுவேன். கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு போய்விட்டால் உதறின உதறலில் கழன்று விழ வேண்டும். அப்புறம் ஊதிய பலூனைக் குடத்துக்குள் விடுவேன், அது சுருங்கி அப்பளமாகிவிடும், வெளியே எடுத்தால் தானே ஊதிக்கொள்ளும். அடுத்து ரோஜாப்பூ. முக்கி எடுத்து மேஜையில் தட்டினால் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாக உடையும். பிறகு வாழைப்பழத்தை முக்கி, அதை வைத்தே ஆணி அடிப்பேன். அதற்குள் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறியிருக்கும். கடைசியில், யாரும் எதிர்பார்க்காதபோது, ஒரு கப் நைட்ரஜனைத் தரையில் வீசி ஊற்றுவேன். ஊரே அலறும். அது ஈரமாகப் பரவாது. நூறு நூறு முத்தாகச் சிதறி, தரைத் தூசியை அள்ளிக்கொண்டு, அங்கும் இங்கும் வழுக்கி ஓடி, சுவர் மூலைக்குப் போய்க் காணாமல் போய்விடும். தரை காய்ந்தபடியே இருக்கும். எல்லோரும் வாய் பிளந்து நிற்கும்போது சார் கேட்பார், "ஏன்?" அடுத்த நிமிடம் நாங்கள் வேனில் இருப்போம்.

கூத்துக்கும் குறைச்சல் இல்லை. ஒரு தடவை சிக்னலில் வேனிலிருந்து வெள்ளைப் புகை போவதைப் பார்த்து டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார். சார் இறங்கி, பேசாமல் ஒரு கப் எடுத்து அவர் பூட்ஸ் முன்னால் ரோட்டில் ஊற்றினார். முத்து முத்தாக ஓடியது. போலீஸ்காரர் குழந்தை மாதிரி குனிந்து பார்த்து, "ஏன் சார் இப்படி ஓடுது?" என்றார். "மகள் இருக்காளா? பி.யு. முடிச்சதும் அனுப்பு, அவ சொல்வா" என்று சொல்லி ஏறிவிட்டார் சார். பின்னால் ஹாரன் கிழிகிறது, அந்த மனிதர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த மகள் நிஜமாகவே எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

அத்திபெலே தாண்டி ஒரு ஸ்கூலில் ரோஜா கொண்டு போக மறந்துவிட்டேன். மேஜை மேல் பெரிய ரோஜா மாலை ஒன்று இருந்தது. எங்களுக்குத்தான் என்று நினைத்து ஒவ்வொரு பூவாக முக்கி உடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். ஹெட்மாஸ்டர் ஓடி வந்து தலையில் கை வைத்துவிட்டார். அது பத்து நிமிடத்தில் வரப்போகிற கவுன்சிலருக்காம். கடைசியில் கவுன்சிலருக்கு வெறும் வாழைநாரைப் போட்டு, "சயின்ஸ் மாலை சார்" என்று சமாளித்தோம். நல்ல மனிதர், கழற்றாமல் போட்டோவுக்கு நின்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈஜிபுரா பக்கம் ஒரு கவர்மெண்ட் பி.யு. காலேஜ். வழக்கம்போல் கடைசிக் கப்பைத் தரையில் வீசினேன். எல்லாப் பிள்ளைகளும் பின்னால் குதித்தார்கள். ஒருத்தி மட்டும் முன்னால் வந்து, யூனிஃபார்மோடு தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஜடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"கண்ணு போயிடும்டி! என்னடி பண்றே?"

"மேடம், அது தரையைத் தொட்டு ஓடுதா, தொடாம ஓடுதான்னு பாத்தேன். சரியா பாக்கறதுக்குள்ள போயிடுச்சு. இன்னொரு கப் ஊத்துவீங்களா?"

சார் கை தட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. "பெஸ்ட்டு! பெஸ்ட்டு!"

அவள்தான் ஹரிணி. அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் பஸ் பிடித்து டிபார்ட்மெண்டுக்கு வந்துவிடுவாள். பி.யு. இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்து நல்ல மார்க்கும் வந்தது. எங்களிடம் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் விடவில்லை. விடாதவர் அப்பா இல்லை. அப்பா அபார்ட்மெண்ட் ஒன்றில் எலெக்ட்ரீஷியன், வாய் திறக்கவே மாட்டார். எல்லாவற்றுக்கும், "மச்சான் சொன்னா சரி." அந்த மச்சான்தான் ஹரிணியின் தாய்மாமன் ஏழுமலை. திருவண்ணாமலைக்காரர். ஈஜிபுரா மெயின் ரோட்டில் தள்ளுவண்டியில் தோசைக்கடை. அந்த வீட்டையே பெங்களூருக்குக் கூட்டி வந்து நிறுத்தியவர் அவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நான் கடைக்கே போய் ஒரு மசால் தோசை வாங்கிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார் அவர், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் கடைக்கு தெனம் எவ்ளோ பசங்க வர்றாங்க. கேட்டா எல்லாரும் கம்ப்யூட்டருன்றான். ஒருத்தனாச்சும், அண்ணா, நான் பிசிக்ஸுன்னு சொல்லி தோசை துன்னிருக்கானா?"

"அண்ணா, அதுல—"

"இன்னொண்ணும் கேளுங்க. அந்த பிசிக்ஸு எல்லாம் அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சு முடிச்சிட்டான். இனிமே இது போயி இன்னாத்த கண்டுபுடிக்கப் போவுது? ஒப்பிச்சிட்டு வரணும், அவ்ளோதானே? அத்திபெலே பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுல பேசி வெச்சிட்டேன். கம்ப்யூட்டர். வர்ற சனிக்கெழமைக்குள்ள சேக்கணும்."

எங்கள் அட்மிஷனும் அதே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. இடையில் ஒரு வாரம்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பையன் கரண்டியால் கல்லின் ஓரத்தைத் தொட்டான். "கைய எடுடா!" என்று ஒரு அதட்டல். அந்தக் கல்லை அவர் யாரையும் தொட விடமாட்டாராம். சம்சாரம் ஒரு நாள் அதில் சப்பாத்தி போட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லையாம். நடுவில் லேசாகக் குழிந்து, கறுப்புப் பட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. "வருசக் கணக்கா பழக்கினது மேடம். இது போச்சின்னா என் கை போன மாதிரி" என்றார். தோசையும் அப்படித்தான் இருந்தது. தோற்றுப்போன வயிற்றெரிச்சலோடு இரண்டாவது தோசையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வரும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நேரே சாரிடம் போனேன்.

"சார், நம்ம தப்பு எங்க இருக்கு தெரியுமா? பசங்களை மட்டுமே கூப்பிடறோம். எங்க ஆளுங்கள்ல ஒரு பொண்ணை ஒரு வீட்டுக்கு அனுப்பணும்னா சொந்தக்காரங்க எல்லாம் போய் அந்த வீட்டைப் பாத்துட்டுத்தான் தலையாட்டுவாங்க. பாக்காத வீட்டுக்குப் பொண்ணு குடுப்பாங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு மதுவே?"

"கல்யாணம் யாருக்கும் இல்ல சார். டிபார்ட்மெண்ட்தான் மாப்பிள்ளை. நீங்க மாப்பிள்ளையோட அப்பா. புதன்கிழமை அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

அவர் அரை நிமிடம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஹரிணி வீட்டாரைச் சொந்தபந்தத்தோடு வரச் சொல்லி அழைத்துவிட்டு, லேபைக் கழுவி விட்டேன். கேன்டீன் மாஸ்டரிடம் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் சொன்னேன். பழைய மாணவர்களில் ஊரில் இருந்த இரண்டு பேரை, "வந்து நல்லா டிரஸ் பண்ணி நில்லுங்கடா" என்று வரவழைத்தேன். பாபு வாசலில் மாவிலை கட்டிவிட்டான்.

புதன்கிழமை ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்றது. இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்! அத்தை, சித்தப்பா, பக்கத்து வீடு, கைக்குழந்தை. ஏழுமலை அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில். ஹரிணியின் அம்மா செல்வி கையில் தட்டு, தட்டில் பழம், வெற்றிலை பாக்கு. சார் அதைப் பார்த்து ஆயுதபூஜை என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டார். ஹரிணி என் பின்னால் ஒளிந்துகொண்டு, "மேடம், மானமே போகுது" என்று சிரித்தாள். ஆனால் என் முந்தானையை மட்டும் விடவே இல்லை.

கேசரி போயிற்று, பஜ்ஜி போயிற்று. பழைய மாணவர்களில் ஒருத்தி வானிலைக் கணிப்பில் இருப்பதாகச் சொன்னாள். இன்னொருவன் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களில் வேலை செய்வதாகச் சொன்னான். ஏழுமலை அண்ணன், "சரிங்க, சந்தோசம்" என்றார், முகம் மட்டும் அசையவில்லை. நான் கண்ணைக் காட்டினேன். சார் தன் கையாலேயே ஒரு கப் நைட்ரஜனைத் தரையில் வீசினார்.

அத்தைகள் அலறினார்கள். முத்துகள் ஓடின. ஏழுமலை அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அட! இது நம்ம தோசைக்கல்லு!"

"ஏனு? என்ன?" என்றார் சார்.

"கல்லு அளவா காஞ்சிருந்தா தண்ணி தெளிச்சதும் சொய்ங்குன்னு போயிடும் சார். ரொம்ப காஞ்சிட்டா போவாது. இதே மாதிரி உருண்டை உருண்டையா உருட்டிக்கினு ஓடும். கல்லு அவ்ளோ சூடா இருந்தா சீக்கிரம் இல்ல ஆவியாவணும்? ஏன் சார் ஓடுது?"

சார் கை தட்டினார் பாருங்கள், கைக்குழந்தை விழித்துக்கொண்டது. "பெஸ்ட்டு! இத்தனை வருஷத்துல யாரும் இந்த ரெண்டையும் சேத்து கேக்கலே!"

என் மனசு குதித்தது. முடிந்தது, சம்மதம் வந்தாச்சு என்றே நினைத்தேன். சொல்லுங்க சார், சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் கத்துகிறேன். சாரோ பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு, "நீங்க சொல்லுங்க" என்றார்.

"தெரிஞ்சா நான் எதுக்கு கேக்கறேன்?"

"யோசனை மாடி." யோசித்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

ஏழுமலை அண்ணன் முகம் சிவந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு கேள்விக்கு பதில் சொல்ல மாட்டேன்றாரு. இவர நம்பி மூணு வருசம் பொண்ண எப்பிடி வுடறது? கெளம்புங்க எல்லாரும்." டெம்போ கிளம்பிப் போய்விட்டது. ஹரிணி ஜன்னல் வழியாக என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் சாரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "சம்பந்தி கேள்வி கேட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரர் யோசனை மாடின்னா சொல்வாரு? ஒரு வரி சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பொழைச்சிருக்கும் சார்!" அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சொன்னா அங்கேயே முடிஞ்சு போகும் சாந்தம்மா" என்று முணுமுணுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மீதிக் கேசரியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். ஏழுமலை அண்ணன்.

"மேடம், எண்ணெ தடவறோம் இல்ல, அதனாலயா?"

"எது அண்ணா?"

"ஓடறது!"

"எண்ணெய் இல்லாம பாருங்களேன்" என்றேன். அரை மணியில் மறுபடி போன். எண்ணெயைத் துடைத்துப் பார்த்தாராம், அப்படியும் ஓடுகிறதாம். மத்தியானம் ஒரு போன், கார்ப்பரேஷன் தண்ணியா, போர் தண்ணியா என்று. இரண்டிலும் ஓடுகிறதாம். அப்புறம் செல்வி கூப்பிட்டாள். "மேடம், எங்க அண்ணனுக்கு இன்னா பண்ணீங்க? மாவு ஊத்த மாட்டேன்றாரு, தண்ணியே தெளிச்சிக்கினு நிக்கறாரு. கஸ்டமருங்க எல்லாம் பசியில கத்தறாங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் பையன் போனில் தேடி, இதற்கு ஒரு வெளிநாட்டுக்காரர் பேர் வைத்திருப்பதாகப் படித்துக் காட்டினானாம். "பேரு தெரிஞ்சா ஆச்சாடா? ஏன்னு கேட்டா பேர சொல்றான்" என்று அவனுக்கும் திட்டு. ஆனால் சம்மதம் மட்டும் வரவில்லை. "சனிக்கெழமை அத்திபெலே போறோம்" என்பதில் மாற்றமே இல்லை என்றாள் செல்வி. நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் நடந்ததை ஹரிணி பிறகு சொன்னாள். மாமாவிடம் பேசிப் பயன் இல்லை என்று தெரிந்துகொண்டு, கல்லை நன்றாகக் காய விடச் சொல்லியிருக்கிறாள். கல்லின் நடுக்குழியில் ஒரு கரண்டி நுனித் தண்ணீர். குழியாக இருந்ததால் சொட்டு ஓடாமல் நடுவிலேயே ஆடிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "மாமா, குனிஞ்சு கல்லோட மட்டத்துக்கு வந்து பாருங்க" என்றாள். கஸ்டமர்கள் முன்னால் அந்தப் பெரிய மனிதர் முட்டி போட்டுக் குனிந்தார். சொட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் முடி அளவுக்கு வெளிச்சக் கோடு.

"இன்னாடி இது? சொட்டு கல்லையே தொடல!"

"ஆமா மாமா. கீழ் பக்கம் ஆவியாயி, அந்த ஆவி மேலயே குந்திக்கினு இருக்குது. அதான் சூடு சீக்கிரம் ஏறல. அந்தப் புகைத் தண்ணிக்கு நம்ம வெறுந்தரையே சுடற கல்லு. அதான் அங்கயும் ஓடுச்சு."

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தாராம். எழுந்து, "இத அந்த சாரே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். உடனே, "இல்ல, சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேன்" என்றும் சொல்லிக்கொண்டார். ஆனால் பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் அத்திபெலேக்குக் கிளம்பவேண்டும்.

சனிக்கிழமை நான் டிபார்ட்மெண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. போன் இல்லை. சார் வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தார். சட்டை அன்றைக்கு இரண்டு பக்கமும் வெளியே தொங்கியது. நாலரைக்கு ஒரு கூட்ஸ் ஆட்டோ படபடவென்று காம்பவுண்டுக்குள் நுழைந்தது. முன்னால் ஏழுமலை அண்ணன். பின்னால் ஹரிணி, செல்வி, அப்பா. அவர்கள் நடுவில் கோணிப்பையில் சுற்றி, கயிறு கட்டி, தோசைக்கல்.

"அடுப்பு எங்க இருக்கு மேடம்?" என்றார் அவர், இறங்கும்போதே.

கேன்டீனுக்கு ஓடினோம். மாஸ்டர் டீ பாத்திரத்தை இறக்கமாட்டேன் என்று முறைத்தார், நானே இறக்கிவிட்டேன். கல் காய்ந்தது. அண்ணன் தண்ணீர் விட்டார். சார் முட்டி போட்டு வெளிச்சக் கோட்டைப் பார்த்தார், சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

"தொடல, சரி சார். அத என் பொண்ணே காட்டிச்சி" என்றார் அண்ணன். "அத்திபெலேக்கு பாதி வழி போயாச்சி. அப்ப ஒண்ணு தோணிச்சி, வண்டிய திருப்பி, கடையில போயி கல்ல எடுத்துக்கினு வந்துட்டேன். மிதக்குதுன்னா ஒரே எடத்துல மிதக்கலாம் இல்ல? குழியில நிக்குது. மட்டமான எடத்துல வுட்டா ஏன் இப்பிடியும் அப்பிடியும் ஓடுது? யாரு தள்றா அத? இவள கேட்டேன், தெரியல மாமான்றா. நீங்க சொல்லுங்க. இந்த வாட்டி யோசனை கீசனைன்னு சொன்னா நான் கெளம்பிடுவேன்."

நான் சாரைப் பார்த்தேன். சார் கல்லைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார் சார்.

"சார்!" என்று நான் கத்தியே விட்டேன்.

"நிஜமா கொத்தில்லா. கொஞ்சம் கொஞ்சம் சொல்லிருக்காங்க. உள்ளே தண்ணியே சுத்துதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியலே. இப்பவும் பாத்துட்டே இருக்காங்க."

ஏழுமலை அண்ணன் மெதுவாகக் கேட்டார். "தோசைக்கல்லுல ஓடற தண்ணி. தெனம் நான் பாக்கறது. இதுவே இன்னும் முழுசா கண்டுபுடிக்கலயா?"

"இல்லே."

"அப்ப அந்தக் காலத்துலயே எல்லாம் முடியல."

"பாக்கி ரொம்ப இருக்கு."

அண்ணன் ஹரிணி பக்கம் திரும்பினார். "எத்தினி மணிக்குடி மூடறாங்க?"

"அஞ்சு மாமா."

"அப்பறம் இன்னா நிக்கற? ஓடு!"

அவள் ஓடினாள். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே ஓடினேன். இந்த வயதில் என்ன ஓட்டம்! அட்மிஷன் கவுண்டரில் இருந்தவர் ஷட்டரை இறக்கக் கை வைத்திருந்தார், நான் தலையை உள்ளே விட்டேன். "என் தலை மேல இறக்குங்க பாக்கலாம்!" பின்னாலிருந்து, "பாபு, ஒன் பை டூ!" என்ற கூவல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

சேர்த்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது சாரும் அண்ணனும் கேன்டீன் படியில் உட்கார்ந்து பாதிப் பாதிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹரிணியின் அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாக மச்சான் பேரைச் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசினார். "எனக்கும் இதுதான் ஆசை" என்றார். சொல்லிவிட்டு எலெக்ட்ரிக் போர்டைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். ஹரிணி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

கிளம்பும் நேரம். கூட்ஸ் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கல் ஆறிக் கிடந்தது. "அண்ணா, கல்லை மறந்துட்டீங்க" என்று நான் கோணிப்பையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கவில்லை. உள்ளங்கையால் கல்லை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

"இருக்கட்டும் மேடம். நான் புதுசு வாங்கி பழக்கிக்கறேன். ஹரிணி கண்டுபுடிக்கறதுக்கு கல்லு வேணும் இல்ல?"

"நெஜமாவா அண்ணா? உங்க கை மாதிரின்னு சொன்னீங்களே!" என்றேன்.

"பொண்ண பெரிய எடத்துல குடுக்கறோம்" என்றார் ஏழுமலை அண்ணன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே. "தாய்மாமன் சீர் வெக்காம வெறுங்கையோட போவ முடியுமா?"